ஒரு கிற்றாரும் நாங்கள் கேட்ட மன்னிப்பும்



நாங்கள் எழுதிப் பழகியவர்கள் அல்ல. எங்கள் நாலு பேரில் ஒருவர் மட்டும் ஏ.எல். வகுப்பில் பௌதிகம் படித்தவர். அவரும் 2008இல் சண்டை நெருங்கியதால் பரீட்சை எழுதவில்லை. மற்ற மூவரும் ஓ.எல்.லோடு நின்றவர்கள். இப்போது சுவிசில், பேர்ண் மாநிலத்தில், உலோக உதிரிப்பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நாலு பேரும் வேலை செய்கிறோம். ஒருவர் காலை ஷிப்ற் என்றால் மற்றவர் இரவு ஷிப்ற். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை பின்னேரம் ஒன்றுதான். அந்தப் பின்னேரத்தில் ஒரு சின்ன வாத்தியக் குழு நடத்துகிறோம். கலியாணம், சாமத்தியவீடு, பொங்கல் விழா, ஒளிவிழா என்று கூப்பிட்டால் போவோம். சாப்பாடும் வான் செலவும் தந்தால் எங்களுக்குப் போதும்.

எங்கள் பேஸ் கிற்றாரில் வந்த ஒரு பிழையையும், அதனால் ஒரு பிள்ளைக்கு நாங்கள் செய்த பிழையையும் எழுதத்தான் இந்தக் கடிதம் போன்ற கட்டுரை. முதற் பிழையைத் திருத்த இரண்டு சனிக்கிழமை போதுமாக இருந்தது. இரண்டாவதற்கு அதைவிடக் கூட நாள் எடுத்தது.

பேஸ் கிற்றார் என்றால் என்ன என்று கேட்கிற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண கிற்றாருக்கு ஆறு கம்பி. பேஸ் கிற்றாருக்கு நாலு. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி என்று பெயர். பாட்டுக் கேட்கும்போது நெஞ்சில் 'தும் தும்' என்று இடிப்பது அதுதான். அது இருக்கும்போது ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் பாட்டு வெறுங்காலோடு நடப்பது மாதிரி இருக்கும். அதிலும் இளையராஜா பாட்டுகளை எடுத்தால், பேஸ் தாளத்துக்கு மட்டும் நிற்பதில்லை. அது தன்பாட்டில் ஒரு தனிப் பாட்டாகவே கீழே ஓடிக்கொண்டிருக்கும். தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பிக்கு ஏறி, திரும்ப இறங்கி வரும். நாலு கம்பியும் ஒரே அளவில் பேசினால்தான் அந்த ஓட்டம் காதுக்குக் கேட்கும்.

எங்கள் கிற்றார் அப்படிப் பேசவில்லை. ஈ கம்பி இடி மாதிரி முழங்கும். ஏ பரவாயில்லை. டி கம்பிக்கு வந்தால் தொண்டை கட்டின மாதிரி. ஜி கம்பி வாய் அசைக்கும், சத்தம் வராது. முழக்கம் தாங்காமல் சத்தத்தைக் குறைப்போம். குறைத்தால் மெல்லிய இரண்டு கம்பியும் இல்லாமலே போய்விடும். கூட்டினால் சுவர் அதிரும்.

கிற்றாரை 2016இல் ஒரு சுவிஸ்காரரிடம் பழையதாக 250 பிராங்குக்கு வாங்கினோம். முதலில் எங்களில் ஒருவர்தான் அதை வாசித்தார். அவருக்கு இரண்டு கம்பிக்கு மேல் போகத் தெரியாது. ஈயும் ஏயும் அவருக்குப் போதும். அதனால் பிழை இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் போனது.

2021இல் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கிற அக்கா ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவனுக்கு 15 வயது. இங்கேயே பிறந்தவன். 'வீட்டில தமிழே கதைக்கிறானில்லை, உங்களோட இருந்தாவது நாலு சொல்லுப் பழகட்டும்' என்றார். தம்பி பேசுவது குறைவு, ஆனால் காது கூர்மை. ஒரு பாட்டை மூன்று தரம் கேட்டால் பேஸை அப்படியே எடுத்துவிடுவான். பாட்டின் சொல்லுக்கு அர்த்தம் எங்களிடம் கேட்பான். 'மாமா, தவிப்பு எண்டால் என்ன?' என்று ஒரு நாள் கேட்டான். நாலு பேரும் யோசித்தோம். ஒருவருக்கும் சொல்ல வரவில்லை.

அவன் வந்த பிறகுதான் நாலு கம்பியும் வேலை செய்யத் தொடங்கின. பிழையும் அப்போதுதான் வெளியே வந்தது. நாங்கள் என்ன செய்தோம்? பிள்ளையைப் பிடித்தோம்.

'தம்பி, விரலில பலம் இல்லையோ?'

'பலமாத்தான் அடிக்கிறன் மாமா.'

'பின்ன ஏன் கேக்குதில்லை?'

அவனுக்குப் பதில் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆனால் நாங்கள் பெரியவர்கள். அதனால் தெரிந்த மாதிரிப் பேசினோம். இரண்டு வருடம் இப்படியே போனது. ஜி கம்பியைப் பலமாக இழுத்து இழுத்து அவன் விரல் நுனியில் கொப்பளம் வந்தது. 2023 ஐப்பசியில் ஒரு கலியாண வீடு. மணவறைக்குப் பக்கத்து மேடை, முந்நூறு சனம் வரை இருந்தது. ஒரு பாட்டின் நடுவில் பேஸ் மேலே ஏறுகிற இடம் வெறுமையாகப் போனது. எங்களில் ஒருவர் திரும்பி, 'சாப்பிடாமலோ வந்தனீ?' என்று கத்தினார். அவர் முன்னாலிருந்த மைக் மூடவில்லை. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். தம்பி பாட்டை முடித்தான், நிகழ்ச்சியையும் முடித்தான். வயரைச் சுருட்டி வைத்தான், கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை.

கத்தியது யார் என்று இங்கே எழுதவில்லை. மற்ற மூவரும் அவரை மறிக்கவில்லை. ஆகவே அது நாங்கள்தான்.

இனி அந்த அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் பழகுவது ஓர் அடுக்குமாடியின் அடியிலுள்ள பாதுகாப்பு அறையில். அணுகுண்டுக்குப் பயந்து 1963இல் போட்ட சட்டத்தின் பிறகு இந்த நாட்டில் வீடு வீடாகக் கட்டிய நிலக்கீழ் அறைகள் அவை. தடித்த கொங்கிறீற் கதவு. யன்னல் இல்லை. வெளியே சத்தம் போகாது என்பதால் வாத்தியக் குழுக்களுக்கு வசதி. எங்களில் இரண்டு பேர் 2010இல் அகதியாக வந்த புதிதில் இதே மாதிரி ஒரு நிலக்கீழ் அறையில்தான் மாதக்கணக்கில் படுத்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன் வன்னியில் மண்ணைக் கிண்டி, பனங்குற்றி அடுக்கி இருந்ததும் பங்கர்தான். இப்போது பாட்டுப் பழகுவதும் பங்கரில். முதல் நாள் அந்தக் கதவு மூடின சத்தத்தில் எங்களில் ஒருவர் வெளியே போய் நின்றுவிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

தம்பி வராத மூன்றாவது சனிக்கிழமை, கீபோட் வாசிக்கிறவர் சும்மா அந்தக் கிற்றாரை எடுத்து மடியில் வைத்து நாலு கம்பியையும் வரிசையாகத் தட்டினார். ஈ முழங்கியது. ஜி கேட்கவில்லை. 'இன்னும் பலமாத் தட்டு' என்றோம். தட்டினார். கேட்கவில்லை. ஒருவர் மாறி ஒருவர் நாலு பேரும் தட்டிப் பார்த்தோம். எங்களில் ட்ரம்ஸ் அடிக்கிறவர் பகலில் இரும்புச் சட்டம் தூக்குகிறவர், கை உலக்கை மாதிரி. அவர் தட்டியும் ஜி கம்பி எழும்பவில்லை.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு தரமாவது இந்தச் சோதனையை நாங்கள் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

பிறகு ஒருவர்தான் அந்தப் பழைய கதையை எடுத்தார். 2013இல் எங்கள் வேலைத்தலத்தில் ஓர் இயந்திரத்தில் செய்த பாகங்கள் ஒரு மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்கு கூடி வந்தன. பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. அந்த இயந்திரத்தில் நின்றவர் எங்களில் ஒருவர். டொச் அரைகுறை. 'உங்களுக்கு அளவு வாசிக்கத் தெரியாது' என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னும் சொன்னார். அவரைக் கழுவுகிற பகுதிக்கு மாற்றினார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அளவுக்கருவியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிழை கருவியில். தேய்ந்து போயிருந்தது. அவரைத் திரும்ப இயந்திரத்துக்கு விட்டார்கள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. பத்து வருடம் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கொதித்தவர்கள். அந்த மேற்பார்வையாளர் செய்ததையே தம்பிக்கு நாங்களும் செய்திருக்கிறோம்!

சரி, கருவியைப் பார்ப்போம் என்று இருந்தோம். தொழிற்சாலையில் பழகின முறைதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றமுன் அள, அளந்ததை எழுது.

முதலில் அறையையும் கிற்றாரையும் பிரித்தோம். பௌதிகம் படித்தவர் ஒரு கடுதாசியில் கணக்குப் போட்டார். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் ஓடும். ஈ கம்பி ஒரு செக்கனுக்கு 41 தடவை அதிரும். பிரித்தால் ஓர் அலையின் நீளம் 8 மீற்றருக்குச் சற்று மேல். அதில் பாதி 4 மீற்றருக்குச் சற்று மேல். நாடாவால் அறையின் அகலத்தை அளந்தோம். 4 மீற்றர் 20 சென்ரிமீற்றர்! இரண்டு கொங்கிறீற் சுவருக்கும் இடையில் அந்த ஒரு சுரம் அப்படியே அளவாக மாட்டிக்கொண்டு ஊதுகிறது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் மட்டும் முழங்குவதில்லையா, அது மாதிரி. ஈ கம்பியின் இடியில் பாதி கிற்றாருடையது அல்ல, பங்கருடையது. ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டி மூலையில் வேறு நின்றது. மூலை இடியை இன்னும் கூட்டும். அதை இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு மரப்பெட்டியில் ஏற்றினோம். இடி கொஞ்சம் அடங்கியது.

ஆனால் ஜி கம்பி அப்போதும் எழும்பவில்லை. ஆகவே அறை மட்டும் குற்றவாளி அல்ல. கீபோட் தம்பியிடம் மடிக்கணினியில் பதிவு செய்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. கிற்றாரை நேரே அதில் செருகி, அறையே சம்பந்தப்படாமல் பதிந்தோம். ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே விரலால், கம்பிக்குப் பத்துத் தட்டு. திரையில் மலை மாதிரிக் கோடுகள் வந்தன. ஈயும் ஏயும் ஏறக்குறைய ஒரே உயரம். டி அதில் பாதி. ஜி கால்வாசியும் இல்லை.

இந்தப் படம்தான் வழியைக் காட்டியது. ஏன் என்று சொல்ல, கிற்றாரின் அமைப்பைச் சொல்லவேண்டும்.

எங்கள் கிற்றார் பிரெசிஷன் பேஸ் என்ற மாதிரியைப் பார்த்துச் செய்தது. அந்த மாதிரியை 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர். வானொலிப் பெட்டி திருத்துகிற கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பதைக் கேட்டபோது எங்களுக்குச் சந்தோசமாக இருந்தது. தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து திருகாணியால் பூட்டலாம், பழுதானால் கழற்றலாம் என்ற எண்ணத்தில் செய்த வாத்தியம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு ஏற்றது.

கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். உள்ளே காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி மயிர் போன்ற செப்புக் கம்பி. மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால் செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1957 தொடக்கம் பிரெசிஷன் பேஸில் இந்தப் பெட்டி இரண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு ஈக்கும் ஏக்கும். மற்றத் துண்டு டிக்கும் ஜிக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு காந்த முனை, கம்பி அவற்றுக்கு நடுவால் போகவேண்டும். இரண்டாவது துண்டு கம்பி கட்டின அடிப்பக்கத்துக்குக் கிட்டவாக இருப்பதால், அங்கே கம்பி ஆடுவதும் கொஞ்சம் குறைவு.

இரண்டு கம்பி நல்லது, இரண்டு கம்பி கெட்டது, கெட்ட இரண்டும் ஒரே துண்டின் மேல். அப்படியானால் பிழை அந்தத் துண்டில்.

என்றாலும் மலிவான சந்தேகத்தை முதலில் தீர்க்கவேண்டும். கம்பிகள் எப்போது மாற்றியவை என்று ஒருவருக்கும் தெரியாது. நாலும் நாலு விதமான நிறம். புதுக் கூட்டு ஒன்று, 45, 65, 85, 105 என்று தடிப்பு எழுதியது, வாங்கிப் போட்டோம். அந்த எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. சத்தம் நாலிலும் தெளிந்தது. வித்தியாசம் குறையவில்லை.

பிறகு உயரம். ஒரு கம்பியைக் கழுத்தின் கடைசி பிரெற்றில், அதாவது குறுக்கே பதித்த கடைசி உலோகக் கோட்டில், அமத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிக்கும் காந்த முனைக்கும் இடையே அளக்கவேண்டும். ஈ பக்கம் 2 மில்லிமீற்றர். ஜி பக்கம் 5 மில்லிமீற்றருக்கு மேல். காந்தத்தின் பிடி தூரத்தோடு மளமளவென்று விழுந்துவிடும். 3 மில்லிமீற்றர் வித்தியாசம் என்பது இதில் கிணற்றுக்கும் வாளிக்கும் உள்ள தூரம். மெல்லிய கம்பி கிட்ட இருக்கவேண்டும், தடித்த கம்பி தள்ளி இருக்கவேண்டும். எங்களுடையது நேர் எதிர்.

தெரிந்துவிட்டது என்று சந்தோசப்பட்டு ஜி பக்கத் திருகாணியைத் திருப்பினோம். திருகாணி மேலே வந்தது, பிக்கப் வரவில்லை! நாலு பேரும் குனிந்து பார்த்தோம். வயரைக் கழற்றி, கம்பிகளைத் தளர்த்தி, இரண்டு திருகாணியையும் எடுத்து, துண்டை மெல்லத் தூக்கினோம். கீழே தவிட்டு நிறத்தில் ஒரு தூள். ஒரு காலத்தில் அது ஸ்பொஞ். பிக்கப்பைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு நிற்பது அந்த ஸ்பொஞ்தான், திருகாணி அதை மேலிருந்து பிடித்து அளவு வைக்கும். ஸ்பொஞ் செத்ததால் பிக்கப் குழியில் விழுந்து கிடந்தது. எத்தனை வருடம் கிடந்ததோ. எங்கள் கையில் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். கொப்பளம் வந்த விரலுக்கு நாங்கள் சொன்ன பெயர் பலமில்லாத விரல்.

புது ஸ்பொஞ்சுக்கு அலையவில்லை. அளவு பார்த்த பாகங்களைப் பொதி செய்ய எங்கள் வேலைத்தலத்தில் ஒரு கெட்டியான ஸ்பொஞ் வரும், அமத்தினால் உடனே திரும்ப எழும்பும். வெட்டிக் கழித்த துண்டு ஒன்றை இப்போதைய மேற்பார்வையாளரிடம் கேட்டே எடுத்தோம். எதற்கு என்று கேட்டார். சொன்னோம். அவரும் இளம் வயதில் பேஸ் வாசித்தவராம்! இரண்டு துண்டு தந்தார்.

ஒரு மடத்தனத்தையும் சொல்லவேண்டும். ஸ்பொஞ்சை அளவாக வெட்ட, பிக்கப்பை மதிய இடைவேளையில் வேலைமேசைக்குக் கொண்டுபோனோம். காந்தம், இரும்புத் தூள் உள்ள மேசை. வைத்த மாத்திரத்தில் முனைகளில் மீசை முளைத்தது. ஒட்டு நாடாவால் ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு மணித்தியாலம். அந்தத் தூள் உள்ளே போய்ச் செப்புச் சுருளைச் சுரண்டினால் பிக்கப் முடிந்தது. ஸ்குறூட்றைவரையும் காந்தம் திடீரென்று இழுத்துச் சுருளில் குத்த வைக்கும். வீட்டு மேசையில் ஒரு துவாயை விரித்துச் செய்வதுதான் புத்தி.

ஸ்பொஞ்சை வைத்துப் பூட்டினோம். இப்போது திருகாணி சொன்னது கேட்டது. ஈ பக்கம் 3 மில்லிமீற்றர், ஜி பக்கம் 2 மில்லிமீற்றர் என்று தொடங்கினோம். பேராசையில் ஜியை இன்னும் மேலே ஏற்றினோம். சத்தம் வந்தது, ஆனால் சுரம் தள்ளாடியது. சுருதி பார்க்கிற கருவியின் ஊசி ஓரிடத்தில் நிற்கவில்லை. காந்தம் மிகவும் கிட்டப் போனால் கம்பியையே பிடித்து இழுக்கும், அது சுயமாக ஆட முடியாது. அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்கினோம். தள்ளாட்டம் நின்ற இடத்தில் நிறுத்தினோம்.

அப்போதும் டியைவிட ஜி ஒரு படி கீழே. இரண்டும் ஒரே துண்டு, ஏன் இப்படி? மேலிருந்து நேரே பார்த்தபோது விளங்கியது. ஜி கம்பி இரண்டு முனைக்கும் நடுவால் போகவில்லை, வெளிமுனைக்கும் வெளியே ஒதுங்கிப் போனது. கழுத்து உடம்போடு பூட்டின இடத்தில் ஒரு மயிரளவு சரிந்திருக்கிறது. பின்பக்கத்து நாலு திருகாணியையும் கொஞ்சம் இளக்கி, கழுத்தை மெல்லத் தள்ளி, கம்பிகள் நடுவுக்கு வந்ததும் இறுக்கினோம். உயரம் வைப்பதற்கு முன்பே இதைப் பார்த்திருக்கவேண்டும். பிந்திப் பார்த்ததால் உயரத்தைத் திரும்பவும் முதலிலிருந்து வைத்தோம். கடைசியாக ஒன்று: கழுத்தின் மேற்பரப்பு தட்டையல்ல, சற்று வளைந்தது. அதனால் நடுக் கம்பிகளான ஏயும் டியும் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு துண்டையும் நடுப்பக்கம் சற்று எழும்பும்படி சரித்தோம்.

திரும்பப் பதிந்தோம். நாலு மலையும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் கடைசி முடிவைத் திரையிடம் விடவில்லை. மனிதக் காதுக்குத் தாழ்ந்த சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். திரையில் சமமாக இருப்பது காதுக்குச் சமமாக இராது. ஈ பக்கத்தைக் காதால் கேட்டுக் கால் சுற்று ஏற்றினோம். 'கொம்பிரசர் என்ற ஒரு பெட்டி வாங்குங்கோ, எல்லாத்தையும் சமமாக்கும்' என்று முன்பு ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல கருவிதான். ஆனால் விழுந்து கிடந்த பிக்கப்பை அது தூக்கி வைத்திராது. வாங்காதது நல்லது. வாங்கியிருந்தால் பிழை மறைந்திருக்கும், பழி பிள்ளையின் தலையில் அப்படியே இருந்திருக்கும்.

மொத்தச் செலவு புதுக் கம்பிக்கு 38 பிராங்.

அன்றிரவே அக்காவின் வீட்டுக்குப் போனோம். நாலு பேரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரவேற்பறையில் வரிசையாக இருந்தோம், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், முகம் கொடுக்கவில்லை. தம்பி அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றான்.

கத்தினவர்தான் பேசினார். 'தம்பி, பிழை உன்ர விரலில இல்லை. கிற்றாரில. நாங்கள் பாக்காமல் உன்னைப் பேசிப்போட்டம். சனத்துக்கு முன்னால பேசினது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளு.'

நாங்கள் வளர்ந்த வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதைக் கண்டதில்லை. அதனால் அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணியைக் குடித்தோம். தம்பி கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்: 'கிற்றாரில எங்க?'

பழைய ஸ்பொஞ்சின் தூளை ஒரு சின்னப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தோம். அதைக் கையில் கொடுத்தோம். விரலால் தேய்த்துப் பார்த்தான். 'இது மட்டுமா?' என்றான். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். 'இவன் ரெண்டு மாதமா அறைக்குள்ள ரப்பர் பந்தை அமத்திக்கொண்டிருக்கிறான், விரலுக்குப் பலம் வரட்டுமெண்டு' என்றார். அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்ல?

அவன் உடனே வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, நாங்கள் தொடங்கி அரை மணித்தியாலம் சென்று, அந்தத் தடித்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கிற்றாரை எடுத்து நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டினான். ஜி கம்பியைத் திரும்பவும் தட்டினான். பிறகு அந்தக் கலியாணவீட்டுப் பாட்டில் வெறுமையாகப் போன இடத்தை மட்டும் தனியாக வாசித்தான். ஒவ்வொரு சுரமும் கேட்டது. அவன் இரண்டு வருடமும் அதை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறான். கேட்காதது நாங்கள்.

2024 தைப் பொங்கல் விழாவில் அவன் வாசித்தான். பேஸ் நன்றாக இருந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. பாட்டு நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். அதுவே போதும் என்று அவன் சொன்னான்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழுவும், கம்பிக்குக் கம்பி சத்தம் மாறுகிற ஒரு கிற்றாரும் இருந்தால், நாங்கள் பட்டுத் தெரிந்த ஒழுங்கு இது. முதலில் வேறொருவர் வாசித்துப் பாருங்கள். பிறகு அறையை விட்டு நேரே பதிந்து கேளுங்கள். பிறகு புதுக் கம்பி. பிறகு கம்பி காந்த முனைகளுக்கு நடுவால் போகிறதா என்று பாருங்கள். பிறகு உயரம், அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தரம் திருப்பவேண்டாம். திருகாணிக்குப் பிக்கப் கேட்காவிட்டால் அடியில் ஸ்பொஞ் செத்திருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் கொஞ்சம் வித்தியாசம் நிற்கும். அது வாசிக்கிறவரின் கைக்கு உரியது, பழகப் பழகச் சரிவரும். கையைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் அந்த இடத்தில் பேசுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இப்போதும் மரம் குளிருக்கும் வெக்கைக்கும் அசைவதால், வருடத்துக்கு ஒரு தரம் சத்தம் கொஞ்சம் மாறும். தம்பியே துவாயை விரித்து, அளந்து, கொப்பியில் எழுதிச் சரிசெய்வான். எங்களில் யாராவது ஒருவர் பாட்டில் பிழை விட்டாலும் அவன் கேட்பது ஒன்றுதான்: 'மாமா, கையோ, ஆணியோ?'

பெரும்பாலும் கைதான். சொல்லிவிட்டுத் திரும்ப வாசிக்கிறோம்.